புதுமை செய்யும் மருத்துவர் கொடியவராகத்தான் இருக்க வேண்டுமா? மருத்துவத் தொலைக்காட்சித் தொடர்கள் குறித்து ஒரு கேள்வி

கரைவலை கேட்டது:

ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய 'தி நிக்' தொடரின் இரண்டு பருவங்களையும், அதாவது 2014, 2015 ஆண்டுகளில் வெளிவந்த 20 அத்தியாயங்களையும், அண்மையில் பார்த்து முடித்தேன். 1900ஆம் ஆண்டின் நியூயார்க்கில், நிக்கர்பாக்கர் என்ற மருத்துவமனையில் நடக்கும் கதை. பார்க்காதவர்களுக்காக முதல் அத்தியாயத்தில் வரும் அறுவை சிகிச்சையை மட்டும் சொல்கிறேன். படிப்படியாக உயரும் இருக்கைகளில் கோட்டு அணிந்த மருத்துவர்கள் உட்கார்ந்து பார்க்க, நடுவே மேசையில் ஒரு கர்ப்பிணி கிடத்தப்பட்டிருக்கிறார். நஞ்சுக்கொடி அவருடைய கருப்பை வாயை மறைத்துக் கிடக்கிறது. கையுறை இல்லாத கைகள் வயிற்றைத் திறக்கின்றன. பெருகும் ரத்தத்தைக் கையால் சுழற்றும் கருவியொன்று உறிஞ்சிக் கண்ணாடிக் குடுவைகளில் நிரப்புகிறது. தாயும் பிழைக்கவில்லை, சேயும் பிழைக்கவில்லை. தலைமை மருத்துவர் கிறிஸ்டியன்சன் தம் அறைக்குச் சென்று தம்மைத் தாமே சுட்டுக்கொள்கிறார். அவருடைய இறுதிச் சடங்கில், அவருக்கு அடுத்து அந்தப் பொறுப்புக்கு வரும் ஜான் தாக்கரி, மனித உடலைக் குணப்படுத்துவது பற்றி முந்தைய ஐந்நூறு ஆண்டுகளில் கற்றதைவிடக் கடந்த ஐந்து ஆண்டுகளில் கற்றதே அதிகம் என்று முழங்குகிறார். அவர் முழங்கிய உற்சாகத்தில் அந்தக் கர்ப்பிணியை நானே ஒரு நிமிடம் மறந்துவிட்டேன். தொடர் விரும்பியதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

தாக்கரி கொக்கெய்னுக்கு அடிமை. அல்ஜெர்னன் எட்வர்ட்ஸ் என்ற தேர்ந்த அறுவை மருத்துவரைக் கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்துக்காகத் தொடக்கத்தில் ஏற்க மறுப்பவர். ரத்தப் பிரிவுகளைப் பற்றி அரைகுறையாகப் புரிந்துகொண்ட நிலையில் ஒரு சிறுமிக்கு ரத்தம் ஏற்றி, அவள் சாவுக்குக் காரணமாகிறவர். இத்தனைக்குப் பிறகும் அவரை வெறுக்கத் தொடர் நம்மை விடுவதில்லை. அதே நஞ்சுக்கொடிச் சிக்கலுக்கு அவரும் இளம் மருத்துவர் பெர்ட்டியும் பலூன் போன்ற ஒரு கருவியைச் செய்து வெற்றி காணும்போது நாமும் சேர்ந்து கைதட்டுகிறோம். பிடிபடாத நோய்களைத் துப்பறியும் மருத்துவரின் கதையான 'ஹவுஸ்' தொடரிலும் இதே வார்ப்புதான்: விக்கோடின் என்ற அடிமைப்படுத்தும் வலிநிவாரணி மாத்திரை, கடுஞ்சொல், நோயாளியின் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்து துப்புத் தேடுதல், கடைசிப் பத்து நிமிடத்தில் மின்னலாக ஒரு விடை.

மருத்துவ வரலாறு அறிந்தவர்களையும் மருத்துவத் துறையில் இருப்பவர்களையும் கேட்கிறேன். புதுமை உண்மையில் இப்படித்தான் பிறந்ததா? மேசையில் கிடப்பவரையும் மனிதராகக் காட்டிய தொடர் எது? 'கதைதானே, விட்டுத் தள்ளுங்கள்' என்ற பதில் மட்டும் வேண்டாம்.

பழஞ்சுவடி எழுதியது:

நண்பர் கரைவலை, தாக்கரி முழுக் கற்பனை அல்லர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைத் துறையை உருவாக்கிய வில்லியம் ஹால்ஸ்டெட்டின் சாயலில் செய்யப்பட்ட பாத்திரம் அவர். கொக்கெய்ன் கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்று 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் காட்டிய செய்தி நியூயார்க்கை எட்டியதும், ஹால்ஸ்டெட்டும் அவருடைய சகாக்களும் அதைத் தங்கள் உடலிலேயே ஊசியால் செலுத்தி, நரம்பு வழியாக உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்ய முடியும் என்று கண்டார்கள். அதற்கு விலையாக அவர்களில் பலர் அடிமையானார்கள். ஹால்ஸ்டெட் பிராவிடன்ஸ் நகரத்து பட்லர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். கொக்கெய்னின் இடத்தை மார்ஃபின் பிடித்துக்கொண்டது. அந்தப் பழக்கம் அதன் பிறகும் நெடுங்காலம் அவரை விடவில்லை என்பதை உடன் பணியாற்றிய வில்லியம் ஆஸ்லர் ரகசியமாக எழுதி வைத்தார். ஆஸ்லரின் குறிப்பு 1969இல்தான் திறக்கப்பட்டது. 'தி நிக்' முதல் பருவத்தின் முடிவில் தாக்கரியின் கொக்கெய்ன் பழக்கத்துக்கு மருந்தாக ஹெராயின் கொடுக்கிறார்களே, அதைக் குரூரமான நகைச்சுவை என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். ஹால்ஸ்டெட்டுக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டால் அதில் மிகை ஒன்றும் பெரிதாக இல்லை.

தொடர் விலகிப்போவது வேறோரிடத்தில். மயக்க மருந்து வருவதற்கு முன் அறுவை மருத்துவரின் பெருமையே வேகத்தில்தான் இருந்தது. மயக்க மருந்து வந்து பல்லாண்டுகள் ஆன பிறகும் அந்த வேகப் பெருமை போகவில்லை. ஹால்ஸ்டெட் கொண்டுவந்த பெரிய மாற்றம் நிதானம். ஒவ்வொரு சிறு ரத்தக் குழாயையும் பிடித்துக் கட்டி, திசுவை நசுக்காமல், தையலை இறுக்காமல், மணிக்கணக்கில் வேலை செய்தார். திரையில் இதைக் காட்டினால் பார்ப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே தாக்கரியின் கைகள் பறக்கின்றன. ஹால்ஸ்டெட்டின் நோயை எடுத்துக்கொண்ட தொடர், அவருடைய மருத்துவத்தில் மிக முக்கியமானதை விட்டுவிட்டது.

நீங்கள் குறிப்பிட்ட வெறுங்கைகளுக்கும் ஒரு கதை உண்டு. 1889ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அறுவைக் கூடத்தில் கருவிகளை எடுத்துத் தரும் செவிலியர் கேரலைன் ஹாம்ப்டனுக்குக் கிருமிநாசினியாகப் பயன்பட்ட பாதரசக் கரைசலால் கைகளில் புண் வந்தது. அவர் வேலையை விட்டுவிடுவாரோ என்று கவலைப்பட்ட ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறைகள் செய்து வாங்கினார். அடுத்த ஆண்டு இருவரும் மணந்துகொண்டார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், கையுறை நோயாளிக்காக வரவில்லை. செவிலியரின் தோலைக் காப்பதற்காக வந்தது. அதை எல்லோரும் எப்போதும் அணிந்தால் புண் சீழ்ப்பிடிப்பது குறையும் என்று உணர்ந்து, அப்படியே செய்து, கணக்கெடுத்துக் காட்டியவர் அவரிடம் பயின்ற ஜோசப் பிளட்குட். அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. கண்ணெதிரே இருந்ததை இத்தனை காலம் எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று ஹால்ஸ்டெட்டே பிற்காலத்தில் வியந்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றும் முறையை ஹால்ஸ்டெட் 1890களில் வெளியிட்டார். முழுமையாக வெட்டினால் முழுமையாகக் குணமாகும் என்பது கேட்பதற்கு நியாயமாக இருந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பெண்கள் தோள் குழிந்து, கை வீங்கி, அந்தச் சிகிச்சையின் தழும்புகளோடு வாழ்ந்தார்கள். பெர்னார்ட் ஃபிஷர் 1971இல் தொடங்கிய ஆய்வும் 1985இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வும், அவ்வளவு வெட்டுவதால் கூடுதல் ஆயுள் கிடைப்பதில்லை என்று நிறுவின. ஹால்ஸ்டெட் கொடியவரும் அல்லர், அலட்சியக்காரரும் அல்லர். மிகுந்த கவனத்தோடு செய்த ஒரு புதுமையிலேயே இது நேர்ந்தது. குடித்துவிட்டுக் கத்தியை எடுக்கும் மருத்துவரைத் தொலைக்காட்சியால் காட்ட முடியும், ஏனென்றால் அவருடைய தவறு அதே அத்தியாயத்தில் வெளிப்பட்டுவிடும். எண்பது ஆண்டு கழித்து வெளிப்படும் தவறைக் காட்ட அதனிடம் வழியில்லை.

இரவுப்பணி எழுதியது:

பழஞ்சுவடி ஐயா கடைசியில் சொன்ன காலக் கணக்கை நான் வேறு வகையில் அன்றாடம் சந்திக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன்.

தொலைக்காட்சித் தொடர்கள் மிக அதிகமாகக் காட்டும் மருத்துவப் புதுமை எது என்று கேட்டால், நின்றுபோன இதயத்தை மார்பை அழுத்தி மீட்கும் சி.பி.ஆர். என்றுதான் சொல்வேன். 1996இல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரைக்காக, 'ஈ.ஆர்.', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' ஆகிய நிகழ்ச்சிகளின் 97 அத்தியாயங்களைப் பார்த்து, அவற்றில் வந்த 60 சி.பி.ஆர். நிகழ்வுகளைக் கணக்கெடுத்தார்கள். உடனடியாகப் பிழைத்தவர்கள் 75 சதவீதம். வீடு திரும்புவதாகக் காட்டப்பட்டவர்கள் 67 சதவீதம். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் உயிரோடு வீடு திரும்புகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் பத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். மருத்துவமனைக்குள் நின்றால் நிலைமை சற்று மேல், அவ்வளவே. மேலும், திரையில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள். என் பிரிவில் இருப்பவர்கள் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள், பல உறுப்புகள் ஏற்கெனவே ஓய்ந்தவர்கள்.

விலா எலும்பு முறிவதை உள்ளங்கையில் உணர்ந்தபடி முதியவர் ஒருவரின் மார்பை அழுத்திக்கொண்டிருக்கும்போது, 'எப்படியாவது காப்பாற்றிவிடுங்கள் டாக்டர்' என்று வாசலில் நிற்கும் மகனின் மனத்தில் ஓடுவது அந்த 67 சதவீதம்தான். அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த வகையில் 2025இல் வந்த 'தி பிட்' தொடரின் முதல் பருவத்தை மனமாரப் பாராட்டுவேன். பிட்ஸ்பர்க் நகரத்து அவசர சிகிச்சைப் பிரிவின் ஒரே ஒரு பணிநேரம், அத்தியாயத்துக்கு ஒரு மணி வீதம் 15 அத்தியாயங்கள். செயற்கைச் சுவாசக் குழாய் தமக்கு வேண்டாம் என்று முன்பே எழுதி வைத்த ஒரு முதியவரை, அவருடைய மகளும் மகனும் மனம் தாளாமல் குழாய் செருகச் சொல்கிறார்கள். சில மணி நேரத்தில் அவர்களுக்கே புரிகிறது. மருத்துவர் ராபி புதிய கருவி எதையும் கொண்டுவரவில்லை. தம் ஆசிரியரிடம் கற்ற ஒரு ஹவாய்த் தீவு வழக்கத்தைச் சொல்லித் தருகிறார்: அன்பு, நன்றி, நான் உங்களை மன்னிக்கிறேன், நீங்களும் என்னை மன்னியுங்கள் என்ற நான்கையும் தந்தையிடம் சொல்லுங்கள் என்கிறார். அந்தக் காட்சியில் யாரும் அழுதுபுரளவில்லை. மகனுக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான். என் பிரிவில் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கரைவலை கேட்ட முதல் கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. சி.பி.ஆர். எந்த ஒரு மேதையின் மின்னலிலும் பிறக்கவில்லை. வாயோடு வாய் வைத்து ஊதுவதை 1950களின் இறுதியில் பீட்டர் சாஃபர் நிறுவியபோது, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தை ஏற்றுக்கொண்டு மேசையில் படுத்தவர்கள், முன்வந்த மருத்துவர்களும் மாணவர்களும். மார்பை அழுத்தும் முறையை 1960இல் வெளியிட்ட மூவரில் கூவன்ஹோவன் ஒரு மின்பொறியாளர். நாயின் மார்பில் மின்தகடுகளை அழுத்தும்போதே ரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்தவர் ஓர் ஆய்வு மாணவர். அவருடைய பெயர் நிக்கர்பாக்கர் என்பது வேடிக்கையான தற்செயல். பின்னர் பிட்ஸ்பர்க் சென்ற சாஃபர், ஆஸ்துமாவால் தம் மகளை 1966இல் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டு அந்நகரின் ஹில் மாவட்டத்தில் தொடங்கிய 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவைக்கு அவர் பயிற்சி முறையை வகுத்தார். அதுவரை அங்கே நோயாளிகளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போனவை காவல் துறை வண்டிகள். வேலை கிடைக்காத கறுப்பின இளைஞர்கள்தாம் அமெரிக்காவின் முதல் முறையான ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்களில் இடம்பெற்றார்கள். 1975இல் நகராட்சி அந்தச் சேவையை மூடிவிட்டுத் தன்னுடையதைத் தொடங்கியபோது அவர்களில் பெரும்பாலோருக்கு அதில் நிலைக்க இடமில்லாமல் போனது. 'தி பிட்' தொடரில் நோயாளியாக வரும் ஒரு முதியவர் தாம் ஃப்ரீடம் ஹவுஸில் வேலை செய்ததைச் சொல்ல, இளம் மருத்துவர்கள் சுற்றி நின்று கேட்கிறார்கள். புதுமை செய்தவரே கட்டிலில் நோயாளியாகப் படுத்திருப்பதை நான் வேறெந்தத் தொடரிலும் பார்த்ததில்லை.

எதிர்க்கரை எழுதியது:

எல்லோரும் 'ஹவுஸ்' தொடரை எளிதாக ஒதுக்குகிறீர்கள். ஜெர்மனியின் மார்பர்க் நகரில் யுர்கன் ஷேஃபர் என்ற பேராசிரியர், மாணவர்களுக்குப் பாடம் நடத்த அந்தத் தொடரைப் பயன்படுத்திவந்தார். 2012இல் கடுமையான இதயச் செயலிழப்போடு 55 வயது நோயாளி ஒருவர் அவரிடம் வந்தார். காரணம் பிடிபடவில்லை, பார்வையும் செவித்திறனும்கூட மங்கிக்கொண்டிருந்தன. செயற்கை இடுப்பு மூட்டிலிருந்து கசியும் கோபால்ட் நஞ்சாகும் அத்தியாயம் ஒன்று ஷேஃபருக்கு நினைவுக்கு வந்தது. சோதித்தார்கள், நோயாளியின் ரத்தத்தில் கோபால்ட் மிகுந்திருந்தது. உடைந்த பீங்கான் மூட்டின் துணுக்குகள், பின்னர் பொருத்திய உலோக மூட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தன. மூட்டை மாற்றியதும் இதயம் ஓரளவு தேறியது. இது 2014இல் 'லான்செட்' என்ற மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தது.

ஆகவே கற்பனை மருத்துவரின் கடுகடுப்பை வெறுக்கலாம்; ஒரு விடாப்பிடியான கேள்விக்குத் திரையில் இடம் கொடுத்ததற்காக அவருக்கு ஒரு நன்றியும் சொல்லலாம்.

கிழக்குவாசல் எழுதியது:

எதிர்க்கரை அண்ணாவுக்கு: அந்த நன்றியை நானும் சொல்வேன், ஆனால் 'ஹவுஸ்' தொடரில் ரத்தம் எடுப்பதும், ஸ்கேன் எடுப்பதும், ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து சோதிப்பதும் அதே மூன்று மருத்துவர்களாக இருப்பது எப்படி என்று எனக்கு யாராவது விளக்க வேண்டும். நான் லண்டனில் செவிலியர். அந்த மருத்துவமனையில் எங்களுக்குக் கதவைத் திறந்துவிடும் வேலை மட்டுமே இருப்பதாகத் தெரிகிறது.

கரைவலையின் இரண்டாவது கேள்விக்கு என் விடை 'கால் த மிட்வைஃப்'. லண்டனின் கிழக்குப் பகுதியான பாப்லரில், 1950களிலும் 1960களிலும் சைக்கிளில் வீடு வீடாகச் சென்று பிரசவம் பார்த்த செவிலியர்களின் கதை. சிலர் அதைத் தேநீரோடு பார்க்கும் இனிப்புப் பண்டம் என்று நினைக்கிறார்கள். 2016இல் வந்த ஐந்தாம் பருவத்தை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

அங்கே டாக்டர் டர்னர் என்ற பொது மருத்துவர் இருக்கிறார். நல்ல மனிதர், மனைவியிடமும் குழந்தைகளிடமும் நோயாளிகளிடமும் அன்பானவர், புதிய மருந்துகளை ஆர்வத்தோடு படிக்கிறவர். மசக்கையால் வாடும் ரோடா என்ற பெண்ணுக்கு 'டிஸ்டவால்' என்ற புதிய மாத்திரையை எழுதித் தருகிறார். அது தாலிடோமைட். மேற்கு ஜெர்மனியில் 1957இலும் பிரிட்டனில் 1958இலும் விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகளுக்கும் தீங்கில்லாதது என்று விளம்பரப்படுத்தப்பட்ட தூக்க மருந்து. ரோடாவின் குழந்தை கை கால்கள் முழுமையாக வளராமல் பிறக்கிறது. அறையில் இருக்கும் செவிலியர்கள் ஒரு நொடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தாய்க்கு இன்னும் தெரியாது. பிரசவ அறையில் நின்றவர்களுக்கு அந்த நொடி தெரியும். குழந்தை அழுகிறதா, நிறம் எப்படி என்பதைப் பார்க்கும் முன்பே தாய் நம் முகத்தைத்தான் பார்ப்பார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித் தருவதில்லை.

காரணம் என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. 1961 நவம்பரில் ஹாம்பர்க் மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் எச்சரித்த பிறகு, டிசம்பர் தொடக்கத்தில் பிரிட்டனில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. தொடரிலும் செய்தி அப்படித்தான் வந்து சேர்கிறது: ஒரு நல்ல மருத்துவர், தம் கையெழுத்தில் இருக்கும் பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடி எடுக்கும் நிலைக்கு வருகிறார். அவரிடம் போதைப் பழக்கமும் இல்லை, ஆணவமும் இல்லை. தாக்கரியைப் பார்த்து, நல்ல வேளை நம் மருத்துவர் இப்படி இல்லை என்று நிம்மதி அடையலாம். டர்னரைப் பார்த்து அந்த நிம்மதியை அடைய முடியாது. அதோடு, ரோடாவின் குழந்தை சூசன் ஓர் அத்தியாயத்தோடு மறைந்துவிடவில்லை. பின்வந்த பருவங்களில் வளர்ந்து திரும்பி வருகிறாள். அந்தக் குடும்பத்தின் களைப்பும் கோபமும் அவளுடைய குறும்பும் கூடவே வருகின்றன.

அமெரிக்காவில் அந்த மருந்துக்கு உரிமம் தராமல் மேலும் மேலும் சான்று கேட்டுக்கொண்டே இருந்த அதிகாரி ஃபிரான்சஸ் கெல்சி. கோப்பில் கையெழுத்துப் போடாமல் இருந்ததே அவர் செய்த பெருஞ்செயல். பிரிட்டனில் இந்தத் துயரத்தின் விளைவாக 1964இல் மஞ்சள் அட்டைத் திட்டம் வந்தது. மருந்தால் விளையும் பாதிப்பைச் சந்தேகம் என்ற அளவில்கூடத் தெரிவிக்கலாம். நானும் அதை நிரப்பியிருக்கிறேன். மருந்தின் பெயர், தொகுதி எண், எப்போது தொடங்கியது, எப்போது நிறுத்தியது என்று நிரப்பிக்கொண்டு போவது சலிப்பூட்டும் வேலைதான். தாலிடோமைடும் ஒழிந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழுநோயின் ஒரு கடும் சிக்கலுக்கு அது பயன்படும் என்று 1964இல் ஜெருசலேமில் யாக்கோப் ஷெஸ்கின் கண்டார். 1998இல் அமெரிக்கா அதற்குக் கட்டுப்பாடுகளோடு ஒப்புதல் தந்தது. பிறகு எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கும் மருந்தானது.

கரைவலை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கிழக்குவாசல் சொன்ன தொடரை இந்த வாரமே தொடங்குகிறேன். ஒன்று மட்டும் இன்னும் நெருடுகிறது. மஞ்சள் அட்டை, கெல்சியின் கோப்பு, ஃபிஷரின் ஆய்வு எல்லாம் காகித வேலைகள். இவற்றைக் கதையாக்கி, பார்ப்பவரை நாற்காலி நுனியில் உட்கார வைத்த தொடர் ஏதேனும் உண்டா? இல்லையென்றால் தாக்கரியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழஞ்சுவடி எழுதியது:

உண்டு. 'ஈ.ஆர்.' தொடரின் கடைசிப் பருவம், 2009. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டிய 19 அம்சப் பட்டியல் ஒன்றை உலக சுகாதார நிறுவனம் அப்போதுதான் வெளியிட்டிருந்தது. நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம் வெட்டப் போகிறோம், ஒவ்வாமை உண்டா, அறையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தங்கள் பெயரைச் சொன்னார்களா என்பன போன்ற எளிய கேள்விகள். அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே தலைமையிலான குழு எட்டு நகரங்களில், அவற்றுள் ஒன்று புது தில்லி, அதைச் சோதித்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தார்கள் என்று அந்த ஆண்டு ஜனவரியில் முடிவை வெளியிட்டது.

அதற்கு இரண்டே மாதங்கள் கழித்து வந்த அத்தியாயத்தில் டாக்டர் கார்ட்டருக்குச் சிறுநீரக மாற்று அறுவை. நோவா வைல் நடித்த அதே கார்ட்டர். இரவுப்பணி பாராட்டிய ராபியாக நடிப்பவரும் அவர்தான். பல ஆண்டுகள் மருத்துவராக நாம் பார்த்தவர் மேசையில் படுத்திருக்கிறார். அவருடைய பழைய ஆசான் பென்டன், தொடரின் முதல் பருவங்களில் வேகத்துக்கும் கர்வத்துக்கும் பெயர்போனவர், அறுவைக் கூடத்துக்குள் வந்து பட்டியலைப் படித்தாக வேண்டும் என்று நிற்கிறார். அறுவை செய்யப்போகிறவர் எரிச்சலடைகிறார், நேரம் வீணாகிறது என்கிறார். பென்டன் அசையவில்லை. ஒவ்வொரு வரியாக, எல்லோரும் பதில் சொல்லும்வரை காத்திருந்து, அடுத்த வரிக்குப் போகிறார். நாற்காலி நுனிக்கு நான் உத்தரவாதம் தருகிறேன். அந்த அத்தியாயத்திலிருந்தே பாருங்கள்.